புதுசா ப்ராஜெக்ட் மேனேஜர் (பிஎம்) ஆயிட்டீங்களா? கெட்ட செய்தி முதல்ல உங்ககிட்ட வர்ற மாதிரி பண்ணுங்க

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும், மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டு கேட்ல நின்னுகிட்டு இருந்தேன். எங்க சாஃப்ட்வேர் அன்னிக்குதான் அங்க லைவ் போகுது. எடை மேடைல லாரி ஏறுது, மெஷின்ல எடை தெரியுது, எங்க ஸ்கிரீன்ல மட்டும் பூஜ்ஜியம். பின்னாடி ட்ரெய்லரா வரிசை கட்டி நிக்குது, ஹாரன் சத்தம் காதைப் பிளக்குது, கேட்ல உக்காந்திருந்த அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு "இன்னா சார், இது வேலைக்காவாது போலக்கீதே"ன்னு சொல்லிட்டு பழைய லெட்ஜரை எடுத்து பேனால எழுத ஆரம்பிச்சிட்டார்.

ராத்திரி பதினோரு மணிக்குதான் எனக்கு விஷயம் தெரிஞ்சுது. எடை மேடை மெஷின்ல இருந்து டேட்டா வர்றதுல பிரச்சினை இருக்குன்னு எங்க டெஸ்டர் பொண்ணுக்கு செவ்வாய்க்கிழமையே தெரியும். ஏம்மா அப்பவே சொல்லலன்னு கேட்டேன், கொஞ்சம் கோவமாவே கேட்டேன். அதுக்கு அது சொன்ன பதில் இன்னும் மறக்கல: "சொல்லலாம்னுதான் அண்ணா வந்தேன், ஆனா திங்கக்கிழமை மீட்டிங்ல டீம்ல இன்னொருத்தர் ஒரு ப்ராப்ளம் சொன்னப்போ நீங்க 'இதெல்லாம் ஒரு மேட்டரா, முடிச்சிட்டு வாங்க'ன்னு சொல்லிட்டீங்க, அதான் நானே எப்படியாவது சரி பண்ணிடலாம்னு பார்த்தேன்."

அதாவது மூணு நாள் போனது மெஷினால இல்ல, என் வாயால.

நான் அஞ்சு வருஷம் டெவலப்பரா இருந்துட்டு பிஎம் ஆனவன். தண்டையார்பேட்டைல ஒரு மாடி ஆபீஸ், ஏழு பேர் டீம், யார்டு, குடோன் ஆளுங்களுக்கு சாஃப்ட்வேர் பண்றோம். பிஎம் ஆனா டீமை "சப்போர்ட்" பண்ணணும்னு எல்லாரும் சொல்வாங்க, எப்படின்னு யாரும் சொல்ல மாட்டாங்க, பீட்சா வாங்கித் தர்றதும் குரூப்ல கைதட்டற எமோஜி போடறதும்தான் சப்போர்ட்னு நானே ரொம்ப நாள் நினைச்சுகிட்டு இருந்தேன். இப்ப எனக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். கெட்ட செய்தி எவ்ளோ சீக்கிரம் என் காதுக்கு வருது? செவ்வாய்க்கிழமை விஷயம் செவ்வாய்க்கிழமையே வந்தா நான் உருப்படியா வேலை பார்க்கறேன்னு அர்த்தம். வெள்ளிக்கிழமை வந்தா எங்கயோ நான் சொதப்பியிருக்கேன். கீழ சொல்ற ஒவ்வொண்ணும் அதுக்காகத்தான், புதுசா வர்றவங்க இந்த வரிசைலயே பண்ணிப் பாருங்க.

முதல் வாரம்: பேச்சைக் குறைங்க, நோட்டைத் திறங்க

பதவி கிடைச்ச முதல் வாரமே புது ப்ராசஸ், புது எக்செல் ஷீட்டுன்னு இறங்காதீங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா அரை மணி நேரம் உக்காந்து பேசுங்க. கேபின்ல வேண்டாம். கேபினுக்குக் கூப்பிட்டாலே "என்ன தப்பு பண்ணோம்"னுதான் வருவாங்க. நான் கீழ டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன், டீக்கடைல பக்கத்துல பக்கத்துல நின்னு ரோட்டைப் பார்த்துகிட்டு பேசும்போது வர்ற வார்த்தை, எதிர் எதிர்ல உக்காந்தா வராது.

கேக்க வேண்டியது மூணு கேள்விதான். இப்ப உன் வேலைல உன்னை ரொம்ப கடுப்பேத்தறது எது? நீ யாருக்காக, எதுக்காக காத்துகிட்டு இருக்க? எனக்குத் தெரியாம இருக்கிற விஷயம் எதாவது இருக்கா? மூணாவது கேள்விக்கு முதல் தடவை யாரும் பதில் சொல்ல மாட்டாங்க, "அப்படில்லாம் ஒண்ணும் இல்லண்ணா"ம்பாங்க. பரவாயில்ல, ரெண்டு வாரம் கழிச்சு திரும்பக் கேளுங்க. அதுக்கு நடுவுல முதல் ரெண்டு கேள்விக்கு அவங்க சொன்னதுல ஒண்ணையாவது நீங்க தீர்த்து வச்சிருக்கணும், அது முக்கியம், அப்பதான் மூணாவதுக்கு வாய் திறப்பாங்க.

எனக்கு முதல் ரவுண்டுல கிடைச்சது என்ன தெரியுமா? ஒருத்தருக்கு டெஸ்ட் சர்வர் பாஸ்வேர்டு பதினோரு நாளா வரல. இன்னொருத்தர் லேப்டாப்ல சார்ஜர் லூஸ், அதை ஒரு கோணத்துல பிடிச்சாதான் ஏறும், பாவம் ஒரு கையால டைப் பண்ணிகிட்டு இருந்திருக்கார். ரெண்டும் சின்ன விஷயம், ரெண்டுமே ஒரு போன் கால்ல முடிஞ்சுது, ஆனா அந்த போனை அவங்க பண்ணா நடக்காது, நான் பண்ணா நடக்கும். பிஎம் வேலைல பாதி இந்த மாதிரி போன் கால்தான்னு அன்னிக்குதான் புரிஞ்சுது.

அடுத்தது: டீமை ஒரு தடவை கேட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

கேட்டுன்னா நம்ம சாஃப்ட்வேரையோ பொருளையோ உண்மைல யூஸ் பண்ற இடம், உங்களுக்கு அது ஆஸ்பத்திரி கவுன்டரா இருக்கலாம், கடை பில்லிங்கா இருக்கலாம். எங்க டெவலப்பர்ஸ் மூணு மாசமா கேட் என்ட்ரி ஸ்கிரீன் பண்ணிகிட்டு இருந்தாங்க, ஒருத்தர்கூட ஒரு யார்டு கேட்டைப் பார்த்தது கிடையாது. ஒரு நாள் காலைல எல்லாரையும் ரெண்டு ஆட்டோல ஏத்திகிட்டு போனேன். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேல அந்த கன்டெய்னர் லாரி வரிசை எப்படி நிக்கும்னு நம்ம ஏரியா ஆளுங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, ஹார்பர் ஜீரோ கேட் நோக்கி நிக்கிற வண்டி கொஞ்சம் நகர்ந்தா ஊரே நகரும், நின்னா ஊரே நிக்கும். ஒரு லாரிக்கு நம்ம ஸ்கிரீன் அரை நிமிஷம் எக்ஸ்ட்ரா எடுத்துச்சுன்னா பின்னாடி என்ன ஆகும்னு அங்க நின்னு பார்த்தாதான் உறைக்கும்.

அங்க போய் பத்து நிமிஷத்துல ஸ்கிரீன் பக்கம் பண்ற எங்க ஃபிரன்ட் எண்ட் தம்பி ஒரு விஷயம் கண்டுபிடிச்சான். கேட்ல இருக்கிறவர் வெயில்ல நிக்கிறார், டேப்லெட்ல நாங்க போட்டிருந்த வெளிர் சாம்பல் கலர் எழுத்து அவருக்குத் தெரியவே இல்ல, குத்துமதிப்பா அடிக்கிறார். கன்டெய்னர் நம்பர்னா நாலு எழுத்து, ஏழு எண், அதுல கடைசி எண் செக் டிஜிட், முன்னாடி இருக்கிற பத்தையும் வச்சு கணக்கு போட்டா அது வரணும், வரலன்னா எங்கயோ தப்பா அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம். அதை நாங்க சர்வர்ல செக் பண்ணிகிட்டு இருந்தோம், தப்புன்னு தெரியறதுக்குள்ள லாரி உள்ள போயிடும். இதை ஸ்கிரீன்லயே செக் பண்ணிடலாம்ணான்னு அவனே சொன்னான், மறுநாளே பண்ணிட்டான். நான் ஆபீஸ்ல உக்காந்து "யூசர் எக்ஸ்பீரியன்ஸ்ல கவனம் வைங்க"ன்னு நூறு மெயில் போட்டிருந்தாலும் இது நடந்திருக்காது.

எஸ்டிமேட்: செய்யறவங்களைக் கேக்காம தேதி கொடுக்காதீங்க

புது பிஎம் எல்லாரும் விழற பள்ளம் இது. கிளையன்ட் கால்ல இருக்கார், "எப்ப முடியும்"ங்கறார், நம்ம எம்டியும் அதே கால்ல இருக்கார், வாய் தானா "புதன்கிழமை சார்"னு சொல்லிடும். அந்த புதன்கிழமை எங்கிருந்து வந்துச்சுன்னா எங்கிருந்தும் வரல. அப்புறம் டீம்கிட்ட போய் "புதன்கிழமை கமிட் பண்ணிட்டேன்பா"ன்னா, அதுக்கப்புறம் அவங்க சொல்ற எந்த பிரச்சினையும் உங்களுக்கு எதிரா சொல்ற மாதிரி ஆயிடும், அதனால சொல்லவே மாட்டாங்க.

அந்த நேரத்துக்குன்னே ஒரு வாக்கியம் மனப்பாடம் பண்ணி வச்சுக்குங்க: "டீம்கிட்ட பேசிட்டு இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள தேதி சொல்றேன் சார்." அஞ்சு மணிக்கு நிஜமாவே சொல்லிடணும், இல்லன்னா அடுத்த தடவை இது எடுபடாது.

தேதி போடும்போது ஒரு கணக்கு. எட்டு மணி நேர ஆபீஸ்ல ஒருத்தர் உருப்படியா வேலை செய்ய கிடைக்கிறது எங்க டீம்ல அஞ்சு மணி நேரம்தான், மீதி மீட்டிங், யார்டுல இருந்து வர்ற சப்போர்ட் கால், மெயில். 30 மணி நேர வேலைன்னா பேப்பர்ல நாலு நாள், நிஜத்துல ஆறு நாள். உங்க டீம் நம்பர் வேறயா இருக்கும், ரெண்டு வாரம் சும்மா குறிச்சு வச்சுப் பாருங்க. இதுல யாரையும் சோம்பேறின்னு சொல்ல ஒண்ணுமில்ல, மனுஷனுக்கே குறைச்சு எஸ்டிமேட் போடற புத்தி இருக்கு, 1979லயே கானெமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியல்காரங்க இதுக்கு பேரே வச்சிட்டாங்க, பிளானிங் ஃபேலஸின்னு. போன தடவை லேட்டானது ஞாபகம் இருந்தும் இந்த தடவை சரியா முடியும்னு நம்பறதுதான் அது. மருந்து சிம்பிள், "எவ்ளோ நாள் ஆகும்"னு கேக்காம "இதே மாதிரி போன தடவை பண்ணப்போ எவ்ளோ நாள் ஆச்சு"ன்னு கேளுங்க.

ஒரே தேதியா கொடுக்காம ரெண்டு தேதி வாங்குங்க: எல்லாம் நல்லா போனா எப்ப, ஒண்ணு ரெண்டு இடிச்சா எப்ப. கிளையன்ட்டுக்கு ரெண்டாவதைச் சொல்லுங்க. எம்டி முறைப்பார், முறைக்கட்டும்.

தினமும் காலைல: பதினஞ்சு நிமிஷம், அட்டெண்டன்ஸ் எடுக்காதீங்க

தினமும் காலைல டீம் நின்னுகிட்டே பேசற ஸ்டாண்ட்-அப் மீட்டிங் பத்தி எல்லாருக்கும் தெரியும். பதினஞ்சு நிமிஷம்தான். ஆனா நிறைய இடத்துல அது ஒவ்வொருத்தரா எழுந்து பிஎம் மூஞ்சியைப் பார்த்து "நேத்து இது பண்ணேன் சார், இன்னிக்கு அது பண்றேன் சார்"னு ஒப்பிக்கிற ஸ்கூல் மாதிரி ஆயிடுது. எங்களோடதும் அப்படித்தான் இருந்துச்சு. நான் ரெண்டு மாத்தம் பண்ணேன். ஒண்ணு, நான் நடுவுல நிக்கறதை விட்டுட்டு ஓரமா போயிட்டேன், ஒவ்வொரு வேலையையும் சீட்டுல எழுதி ஒட்டியிருக்கிற போர்டைப் பார்த்துதான் எல்லாரும் பேசணும். ரெண்டு, "என்ன பண்ண"ங்கற கேள்வியை எடுத்துட்டு "எது நகரல"ன்னு மட்டும் கேக்க ஆரம்பிச்சேன். போர்டுல மூணு நாளா ஒரே இடத்துல இருக்கிற சீட்டுல இருந்து பேச்சை ஆரம்பிப்போம். முடிஞ்ச வேலையைப் பத்தி பேச என்ன இருக்கு, அதான் முடிஞ்சிடுச்சே.

நகராத விஷயம் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரு பேர் எழுதணும், பாதிக்கு மேல அது உங்க பேரா இருந்தா நீங்க சரியா போறீங்க.

கெட்ட செய்தி வரும்போது உங்க முதல் வாக்கியம்

இதுதான் இந்த கட்டுரைல முக்கியமான இடம், மத்ததெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீங்க. ஒருத்தர் வந்து "அண்ணா, ஒரு பிரச்சினை"ன்னு ஆரம்பிக்கும்போது அடுத்த பத்து செகண்டுல நீங்க காட்டற மூஞ்சியையும் சொல்ற முதல் வாக்கியத்தையும் வச்சுதான் அந்த ஆள் மட்டும் இல்ல, பக்கத்து சீட்ல ஹெட்போன் போட்டுகிட்டு கேக்காத மாதிரி உக்காந்திருக்கிறவரும் இனிமே உங்ககிட்ட வரலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணுவாங்க.

"யார் பண்ணது?" வேண்டாம். "இதை ஏன் முன்னாடியே பார்க்கல?" வேண்டாம். "கிளையன்ட்டுக்கு நான் என்ன பதில் சொல்றது?" இதுவும் வேண்டாம், இது கேள்வி மாதிரி இருக்கும் ஆனா திட்டு. பெருமூச்சுகூட விடாதீங்க, நான் பெருமூச்சு விடற ஆளுன்னு என் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நான் இப்ப சொல்றது: "சரி, நல்லவேளை இப்பவே சொன்ன. என்ன தெரியும், என்ன தெரியல, சொல்லு." அவ்ளோதான். அப்புறம் கேக்கறது: யாருக்கு பாதிப்பு, இன்னிக்கு ராத்திரிக்குள்ள என்ன பண்ண முடியும், என்கிட்ட இருந்து என்ன வேணும். ஏன் நடந்துச்சுங்கறதை ரெண்டு நாள் கழிச்சு, எல்லாரும் தூங்கி எழுந்ததுக்கு அப்புறம் பேசிக்கலாம்.

ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஹார்வர்டு பேராசிரியை, 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்களை வச்சு ஆராய்ச்சி பண்ணாங்க. நல்ல டீம்ல மருந்து கொடுக்கறதுல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா, நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. அவங்க அதிகமா தப்பு பண்ணல, தப்பை மறைக்காம சொன்னாங்க. மத்த இடத்துல வெளியவே வரல. இதைப் படிச்சதுல இருந்து எங்க பக் லிஸ்ட், அதாவது சாஃப்ட்வேர்ல இருக்கிற தப்புங்க பட்டியல், திடீர்னு குறைஞ்சா நான் சந்தோஷப்படறதில்ல, டீக்கடைக்குப் போய் யாரையாவது கேக்கறேன்.

ரெண்டு நாள் கழிச்சு பேசற மீட்டிங்ல ஒரு ரூல் போட்டுக்குங்க, யார் பேரும் எழுதக்கூடாது. "அவன் தப்பான ஃபைலை அனுப்பிட்டான்"னு எழுதாம "ரெண்டு ஃபைலுக்கும் ஒரே பேர் இருந்துச்சு, தப்பானது போயிடுச்சு"ன்னு எழுதுங்க. முதல் மாதிரி எழுதினா அவனைத் திட்டறதோட முடிஞ்சிடும், ரெண்டாவது மாதிரி எழுதினா ஃபைல் பேரை மாத்தணும்னு தோணும். அதே நேரம் ஒருத்தர் வேணும்னே அலட்சியமா திரும்பத் திரும்பப் பண்ணா அதைத் தனியா கூப்பிட்டு நேரா பேசிடுங்க, அதை மீட்டிங்ல ஜாடை மாடையா பேசினா மத்தவங்க ஆறு பேரும் நம்மளைத்தான் சொல்றாரோன்னு குழம்புவாங்க.

மேல இருந்து வர்ற சூட்டை அப்படியே கீழ இறக்காதீங்க

கிளையன்ட் திட்டி மெயில் போட்டா அதை அப்படியே ஃபார்வர்டு பண்ணி மேல "ப்ளீஸ் செக்"னு எழுதற பிஎம் உண்டு. அதுக்கு ஒரு ஆளுக்கு சம்பளம் எதுக்கு, மெயில் சாஃப்ட்வேர்லயே ஆட்டோமேட்டிக்கா ஃபார்வர்டு ஆகுமே. மெயிலைப் படிங்க, அதுல இருக்கிற கோவத்தை நீங்க வச்சுக்குங்க, வேலையை மட்டும் பிரிச்சு எழுதி டீமுக்குக் கொடுங்க. அதுக்காக விஷயத்தையே மறைக்கணும்னு இல்ல, "கிளையன்ட் கொஞ்சம் சூடா இருக்கார், நான் பேசிட்டேன், நமக்கு வேலை இந்த மூணுதான்"னு சொல்லிடலாம், அவங்க என்ன குழந்தையா.

நல்ல பேர் வரும்போது இதுக்கு நேர் எதிர். கிளையன்ட் பாராட்டினா யார் பண்ணாங்களோ அவங்க பேரோட மேல அனுப்புங்க, "டீம் பண்ணுச்சு"ன்னு பொத்தாம் பொதுவா வேண்டாம். நான் ஜூனியரா இருந்தப்போ ஒரு இடத்துல நான் மூணு ராத்திரி முழிச்சு பண்ண ஒரு ரிப்போர்ட்டை எங்க லீட் தன் பேர்ல காட்டி கைதட்டு வாங்கிகிட்டார், நான் பின்னாடி வரிசைல உக்காந்து நானும் கைதட்டினேன். அதுக்கப்புறம் அந்த ஆளுக்கு நான் எதையும் முன்கூட்டியே சொன்னதில்ல.

லேட்டாச்சுன்னு ஆள் சேர்க்காதீங்க

ப்ராஜெக்ட் லேட்டுன்னா மேல இருந்து வர்ற முதல் உதவி "இன்னும் ரெண்டு பேர் தர்றேன்." வேண்டாம்னு சொல்ல தைரியம் வேணும். ஐபிஎம்ல ஓஎஸ் 360ங்கற பெரிய சாஃப்ட்வேர் வேலையை நடத்தின பிரெட் புரூக்ஸ் 1975லயே சொல்லிட்டார், லேட்டான சாஃப்ட்வேர் வேலைல ஆள் சேர்த்தா இன்னும் லேட்டாகும்னு. கணக்கு போட்டுப் பாருங்க, அஞ்சு பேர் இருந்தா ரெண்டு ரெண்டு பேரா பேசிக்க வேண்டிய ஜோடி பத்து, எட்டு பேர் ஆனா இருபத்தெட்டு. புதுசா வர்றவருக்கு சொல்லித் தர்றதும் ஏற்கெனவே மூச்சு முட்டிகிட்டு இருக்கிற பழைய ஆள்தான். ஆளுக்கு பதிலா வேலையைக் குறைக்கக் கேளுங்க, "இந்த பத்துல எந்த நாலு இல்லாம லைவ் போகலாம்"னு கிளையன்ட்டைக் கேட்டா பெரும்பாலும் பதில் இருக்கும். எங்க யார்டுக்காரர் ஆறு ரிப்போர்ட் கேட்டிருந்தார், உக்காந்து பேசினா தினமும் பார்க்கறது ரெண்டுதான்.

நேரம், பஸ்ஸு, மழை, சாப்பாடு

இதை ஹெச்ஆர் விஷயம்னு ஒதுக்காதீங்க. டீம்ல யார் எங்கிருந்து வர்றாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதி வைங்க. என் பழைய கம்பெனி ஓஎம்ஆர்ல இருந்துச்சு, நான் திருவொற்றியூர்ல இருந்து போவேன். 2021ல விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்ததும் கொஞ்சம் மூச்சு விட்டோம், அப்பவும் கிண்டில இறங்கி பஸ் பிடிச்சு சீட்ல உக்கார்றதுக்குள்ள ரெண்டு மணி நேரம். காலைல ஒன்பது மணி மீட்டிங்னா அந்தப் பக்கம் வேளச்சேரிக்காரருக்கு அது ஒன்பது மணி, எனக்கு அது ஆறரை மணி. மீட்டிங்கை பத்தரைக்கு மாத்த காசு எதுவும் ஆகாது. யாரும் கேக்கல, நானும் சொல்லல.

சிங்கப்பூர் கிளையன்ட் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி, அவங்க ஒன்பது மணிக்கு கால் போட்டா இங்க ஆறரை. அந்த காலை வாரம் வாரம் ஒரே ஆள் தலைல கட்டாதீங்க, முறை வச்சு மாத்துங்க, உங்க முறையும் அதுல இருக்கட்டும், ஆறரைக்கு வந்தவர் மூணரைக்கு கிளம்பினா வாட்சைப் பார்க்காதீங்க.

லஞ்ச் நேரத்துல மீட்டிங் போடாதீங்க. இந்த ஊர்ல அதை யாராவது உங்களுக்கு ஞாபகப்படுத்தணும்னா, இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கம்னு சொல்ற மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரல்ல பெரம்பூர்லதான் ஆரம்பிச்சுது. பின்னி மில் தொழிலாளிங்க அப்ப சொன்ன குறைகள்ல மத்தியான சாப்பாட்டுக்குக் கொடுக்கற நேரம் பத்தலங்கறது முக்கியமானது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம ஒன்றரை மணிக்கு "க்விக் சிங்க்"னு இன்வைட் அனுப்பறோம்.

அப்புறம் மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க பக்கம் நிறைய தெருல கரண்ட் இல்ல, டவர் இல்ல, முழங்கால் தண்ணி. அந்த வாரம் எங்களுக்கு ஒரு சாஃப்ட்வேர் ரிலீஸ் இருந்துச்சு. நான் பண்ண ஒரே நல்ல காரியம், மழை பெய்ய ஆரம்பிச்ச அன்னிக்கே கிளையன்ட்டுக்கு போன் போட்டு "இந்த வாரம் ரிலீஸ் இல்ல, அடுத்த வாரம் பேசலாம்"னு சொல்லிட்டு, டீம் குரூப்ல "ரிலீஸ் தள்ளிப் போட்டாச்சு, ஒவ்வொருத்தரும் வீட்ல எல்லாரும் சேஃபான்னு மட்டும் முடிஞ்சப்ப ஒரு மெசேஜ் போடுங்க"ன்னு எழுதினது. ஒரு தம்பி மொட்டை மாடில ஏறி சிக்னல் பிடிச்சு, "அண்ணா பவர் பேங்க் இருக்கு, ரெண்டு மணி நேரம் வேலை பண்ணட்டுமா"ன்னு கேட்டான். கீழ தண்ணி நிக்குது, இவன் வேலை பண்ணட்டுமாங்கறான். நாம முன்கூட்டி தெளிவா சொல்லலன்னா இவங்க இப்படித்தான் பயந்துகிட்டு இருப்பாங்க. வடசென்னைல டீம் வச்சிருந்தா நவம்பர், டிசம்பர் பிளான்ல ஒரு வாரம் சும்மா ஒதுக்கி வைங்க, மழை வரலன்னா லாபம்.

வலை பின்ன நாள் ஒதுக்குங்க

காசிமேட்டுல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகக்கூடாது, மீன் இனப்பெருக்கத்துக்காக தடைக்காலம். அந்த நாள்ல அங்க போய்ப் பாருங்க, கரைல போட்டை ஏத்தி பெயின்ட் அடிக்கறதும் இன்ஜினைப் பிரிச்சு வச்சிருக்கறதும் வலை பின்னறதுமா வேலை நடந்துகிட்டேதான் இருக்கும். வருமானம் இல்லாத கஷ்டம் இருக்கு, அதை நான் அழகு படுத்தல. ஆனா போட்டுக்கு ரிப்பேர் நாள் வேணுங்கறது அவங்களுக்கு யாரும் ஸ்லைடு போட்டு சொல்ல வேண்டியதில்ல. நம்ம சாஃப்ட்வேர் கோடுக்கு அப்படி ஒரு நாள் கிடையாது, ரிலீஸ் மேல ரிலீஸ். நான் ஒவ்வொரு மாசமும் கடைசி ரெண்டு நாள் புது வேலை எடுக்கறதில்ல, பழைய ஓட்டையை அடைக்கறது, ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயத்தை இன்னொருத்தருக்குச் சொல்லித் தர்றது, இதுதான். கிளையன்ட் பிளான்ல அதை "மெயின்டனன்ஸ்"னு வெளிப்படையாவே எழுதிடுவேன். முதல் தடவை கேள்வி வந்துச்சு, ரெண்டாவது தடவை வரல.

அந்த ஒருத்தருக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் இருக்கே, அது டேஞ்சர். அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லீவ் கேட்டா நமக்கு வயிறு கலங்கும், கலங்கினா அது அவர் குத்தம் இல்ல.

உடம்பு, மனசு

யாராவது வழக்கத்தை விட அமைதியா இருந்தா, கேமராவை ஆன் பண்ணாம இருந்தா, தனியா கேளுங்க. "ஏதாவது ப்ராப்ளமா"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும், "ரெண்டு வாரமா டல்லா இருக்கிற மாதிரி தோணுது, நான் எதாவது குறைச்சுக் கொடுக்கட்டுமா"ன்னு கேட்டுப் பாருங்க. நாம டாக்டர் இல்ல, அறிவுரை வேண்டாம். டெலி மானஸ்னு அரசாங்க ஹெல்ப்லைன் 14416, இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், தமிழ்லயும் பேசலாம், அந்த நம்பரை ஆபீஸ் நோட்டீஸ் போர்டுல ஒட்டி வைங்க, யார் எப்ப பார்த்தாங்கன்னு யாருக்கும் தெரியாது, அதுதான் வசதி. பெண்களுக்குப் பாலியல் தொல்லை மாதிரி புகார் எதாவது வந்தா நீங்களே பஞ்சாயத்து பண்ண உக்காராதீங்க, பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற இடத்துல உள்ளகப் புகார் குழு இருக்கணும்னு 2013 சட்டமே சொல்லுது, அங்க கொண்டு போங்க.

அப்ரைசல் வருது

கடைசியா ஒண்ணு. ஒரு நோட்டுல ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரம் ஒரு வரி எழுதுங்க, தேதியோட. "இன்னிக்கு கேட் பிரச்சினையை இவர்தான் முதல்ல சொன்னார்", "புதுசா வந்தவருக்கு இவங்க உக்காந்து சொல்லிக் கொடுத்தாங்க", இப்படி. அப்ரைசல் வரும்போது நமக்கெல்லாம் கடைசி ஒரு மாசம்தான் ஞாபகம் இருக்கும், சத்தமா பேசறவங்கதான் ஞாபகம் இருப்பாங்க. இந்த நோட்டு இருந்தா எம்டிகிட்ட "இவங்க நல்லா பண்றாங்க சார்"னு இழுக்காம தேதி வாரியா படிச்சுக் காட்டலாம். எங்க டெஸ்டர் பொண்ணுக்கு இந்த வருஷம் அப்படித்தான் பேசினேன், நோட்டுல அதுக்குன்னு ஒதுக்கின பக்கத்துல பதினாலு வரி இருந்துச்சு, பதினாலுல ஒன்பது கெட்ட செய்தி, எல்லாமே வந்த அன்னிக்கே சொன்னது. எம்டி சிரிச்சார், "இவ்ளோ ப்ராப்ளம் சொல்றவங்களுக்கா ஹைக் கேக்கற"ன்னார். ஆமா சார், அதுக்குத்தான் கேக்கறேன்னேன். கேட்டதுல பாதி கொடுத்தார். மீதிக்கு செப்டம்பர்ல திரும்பப் போய் நிக்கணும், நோட்டுல எழுதி வச்சிருக்கேன்.